இருநூற்று நாற்பது லைட்டுக் குச்சிகள்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை வேலை செய்துவிடும். அடித்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம், எழுதிவிடுவேன். ஆம்பூர் ஹைவேயை ஒட்டியிருந்த ஒரு ஷூ கம்பெனியில் நான் குவாலிட்டி இன்சார்ஜாக இருந்தேன். என் மேஜை டிராயரில் மெமோ பேப்பர் எப்போதும் கட்டாக இருக்கும். 2003 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு அதில் ஒன்றை எடுத்து எழுதினேன். அன்று ராத்திரிவரை நான் ஓடிய ஓட்டமெல்லாம் அந்த ஒரு பேப்பரைத் திரும்ப வாங்குவதற்குத்தான்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குக் கம்பெனி ஆண்டு விழா. தையல் லைனிலிருந்து இருபத்து நாலு பெண்கள் கேன்டீன் ஷெட்டில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இருட்டில் ஆடுவதாக ஏற்பாடு. கை, கால், இடுப்பு, ஜடை என்று ஆளுக்குப் பத்து லைட்டுக் குச்சி. குச்சிகளை ஜெர்மனியிலிருந்து, எங்கள் ஷூக்களை வாங்குகிற பையர் அம்மாவே சாம்பிள் பெட்டியோடு அனுப்பியிருந்தார். விழாவுக்கும் நேரில் வருகிறார். ஒரு மாதமாக அந்தப் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

குச்சி என்றால் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய். அதற்குள் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய். மடக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடி உடையும், இரண்டு மருந்தும் கலக்கும், குச்சி பச்சையாக ஒளிவிடும். ஒருமுறை எரிய ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. நாலைந்து மணி நேரம்தான் அதன் ஆயுசு. அதனால் மேடை ஏறுகிற நிமிஷம்வரை உறையைப் பிரிக்கக் கூடாது. இதெல்லாம் பெட்டியோடு வந்த தாளில் எழுதியிருந்தது. காலை ஒன்பது மணிக்கே அதைப் படித்துவிட்டு மடித்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு மேல் செக்கிங் டேபிள் பக்கம் போனேன். செக்கர் சம்பூர்ணம் அக்கா எழுந்து நின்றார். அவர் முகம் வாடியிருந்தது.

"மேடம், ஒரு பீஸ்கூட தேறல" என்றார். "மடக்கினா எல்லாமே உள்ள உடையுது. உடைஞ்சதும் கலர் வேற மாறுது. எல்லாம் ரிஜெக்ட்."

டேபிள் மேல் இருநூற்று நாற்பது குச்சிகளும் உறை பிரிக்கப்பட்டு, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். தோலில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட நாங்கள் ஒட்டுகிற அதே அம்பு.

எங்கள் டேபிளின் வேலை இதுதான். பெட்டியிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொரு ஷூவையும் இரண்டு கையாலும் பிடித்து மடக்கிப் பார்க்க வேண்டும். மடங்குகிற இடத்தில் வெடித்தால் ரிஜெக்ட். முதல் பத்து போச்சு என்றதும் நிறுத்திவிடுகிற பழக்கம் எங்களிடம் கிடையாது. நூறு பீஸ் வந்தால் நூறையும் பார்க்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான். டேபிளுக்கு மேலே ஆறு டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் குச்சி ஒளிவிடுவது ஒளியாகவே தெரியாது, வெறும் பச்சைச் சாயமாகத்தான் தெரியும்.

"உனக்கு அறிவு இருக்குதா?" என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அதுவரை அவரை நான் நீ என்று பேசியதில்லை. அவர் பதிலுக்கு நான் நிற்கவில்லை. டிராயரைத் திறந்து, அனுமதியில்லாமல், அஜாக்கிரதையாக, பையரின் பொருளை நாசம் செய்தார் என்று இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நானே எடுத்துப்போய் பர்சனல் மேனேஜர் நயீம் அகமதுவின் மேஜையில் வைத்தேன். எல்லாம் பத்து நிமிஷம்.

திரும்பி வரும்போது கோபம் பாதி இறங்கியிருந்தது. சம்பூர்ணம் அக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மெமோவா மேடம்?"

"ஆமா."

"நீங்கதான மேடம் சொன்னீங்க. இதையும் செக் பண்ணி வை, ஒரு பீஸ் விடாமன்னு."

சண்டைக் குரலே இல்லை. சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்பதரைக்குக் காதில் போனை வைத்துக்கொண்டு, பெட்டியை அவர் பக்கம் தள்ளி, அதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தேன். எண்ணி வை என்று சொல்ல நினைத்தேன். வாய்ப் பழக்கம், செக் பண்ணி வை என்று வந்துவிட்டது.

அந்த மெமோ சாதாரண மெமோ இல்லை. திங்கட்கிழமை பர்மனென்ட் லிஸ்ட் போடுகிறார்கள். பதினோரு வருஷமாக டெம்பரரியாகவே இருந்த சம்பூர்ணம் அக்காவின் பெயர் அதில் இருந்தது. போன வாரம் அவரிடம் அதை மெதுவாகச் சொன்னதும் நான்தான். மெமோ வாங்கியவர் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் அடிபட்ட டெம்பரரியை அடுத்த மாதம் உள்ளே விடவும் மாட்டார்கள். புருஷன் இல்லை. மகள் பூரணி வேலூரில் நர்சிங் இரண்டாம் வருஷம். ஊரிலேயே தோலைத் தடவிப் பார்த்துக் குறை சொல்வதில் அந்த அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுவார். மேல்தோல் அடித்தோலை விட்டுக் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் நின்றுவிடுவார். லூஸ் என்பார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எங்களுக்கு அது தெரியாது. அந்த விரலுக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

நயீம் சாரிடம் மறுபடி ஓடினேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'சார், நான்தான் செக் பண்ணச் சொன்னேன்.' படி ஏறும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன். அவர் மேஜைக்கு முன்னால் நின்றதும் வாயிலிருந்து வேறு வாக்கியம் வந்தது.

"சார், சாயங்காலத்துக்குள்ள நான் சரி பண்ணிட்றேன்."

"எரிய ஆரம்பிச்சத எப்படிம்மா சரி பண்ணுவீங்க?" என்றார். "பையர் மேடம் நேத்து போன்லகூட இந்த டான்ஸப் பத்தித்தான் கேட்டாங்க. ரொம்ப பேஜாராப் போச்சு ஃபீபி."

"ஏழு மணிக்கு எரிஞ்சா?"

அவர் மெமோவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எரிஞ்சா நானே கிழிச்சுப் போட்றேன். எரியலன்னா லிஸ்ட்ல கை வெக்கணும். முதலாளி கேட்டா நான் யாரையாவது காட்டி ஆகணும் இல்ல?"

யாரையாவது என்று அவர் சொன்னபோது நான் தரையைப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் என் பெயரில் ஒரு தப்புகூடப் பதிவானதில்லை. அந்தப் பெருமைதான் என் வாயை அடைத்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

கைப்பையிலிருந்து தாளை எடுத்து வரி வரியாகப் படித்தேன். கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. குளிரில் வைத்தால் எரிவது அடங்கும். நன்றாக உறைகிற குளிரில் வைத்தால் கிட்டத்தட்ட நின்றே போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் மறுபடி பிரகாசமாகும், ஆனால் சீக்கிரம் தீரும். கர்த்தரே என்று ஓடினேன். கேன்டீன் ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் நாற்பது குச்சிதான் கொண்டது. பதினொன்றுக்குக் கரண்ட்டும் போனது. ஜெனரேட்டர் மிஷின்களுக்கு மட்டும்தான், ஃபிரிட்ஜுக்குக் கிடையாது.

கேட் எதிரில் கலீமுல்லா பாய் குல்ஃபி வண்டியோடு நின்றிருந்தார். அவரிடம் ஐஸ் கேட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வெறும் ஐஸ் பத்தாதும்மா. ஐஸ்ல உப்பப் போட்டு அடிக்கணும். அப்பத்தான் குல்ஃபியே உறையும். உப்பு நெறைய வேணும்."

ஆம்பூரில் உப்புக்கா பஞ்சம். பக்கத்து டேனரியின் பச்சைத்தோல் குடோனில், தோல் கெடாமல் இருக்கப் போடுவதற்காக மூட்டை மூட்டையாகக் கிடக்கும். கெஞ்சிக் கூத்தாடிப் பிரிக்காத மூட்டை இரண்டு வாங்கினேன். பாயே ஆட்டோ பிடித்துப் போய் ஐஸ் பார்கள் கொண்டுவந்து உடைத்துக் கொடுத்தார். கேன்டீன் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் சம்பூர்ணம் அக்காவும் நானும் இரண்டு நீல டிரம்மை வைத்தோம். குச்சிகளைப் பாலிதீன் கவர்களில் கட்டி, ஐஸ் ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று புதைத்தோம். மணி பன்னிரண்டு ஆகவில்லை.

போகும்போது பாய் சொன்னார். "கைய உள்ள விடாதீங்க. உப்பு ஐஸ் கடிக்கும். கட்டையால கிளறுங்க."

நான் கேட்டேன். சம்பூர்ணம் அக்காவும் கேட்டார்.

ஆனால் ஐஸ் கரையக் கரைய கவர்கள் மிதந்து மேலே வந்தன. கால் மணிக்கு ஒரு தரம் அடியில் அழுத்தி மறுபடி உப்புப் போட வேண்டியிருந்தது. கட்டையால் அழுத்தியதில் ஒரு கவர் கிழிந்து இரண்டு குச்சி நசுங்கி மருந்து ஒழுகிவிட்டது. "கட்ட வேணாம் மேடம், எனக்குப் பயமாக் கீது" என்று அவர் நூல் கையுறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டார். எனக்கு அன்று ஒரு ஷிப்மென்ட் கடைசி இன்ஸ்பெக்‌ஷன். டிரம்மை அவரிடம் விட்டுவிட்டு லைனுக்குப் போனேன்.

ஒரு மணிக்கு வந்து பார்த்தேன். கையுறை நனைந்து விரலோடு ஒட்டியிருந்தது.

"கை எப்படிக்கா இருக்கு?"

"எரியுது. பரவால்ல மேடம்." ஒரு கவரை எடுத்து முந்தானையால் மூடி எனக்குக் காட்டினார். இரண்டு பேரும் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தோம். அடியில் பச்சையாக ஒரு கோடு மங்கலாகத் தெரிந்தது. "உசுரு இருக்குது மேடம்" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அப்போதாவது நயீம் சாரிடம் போயிருக்கலாம். இன்னும் ஆறு மணி நேரம்தானே என்று தோன்றியது.

மூன்று மணிக்கு வந்தபோது கையுறையைக் கழற்றிப் போட்டிருந்தார். விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன.

"வலிக்குதா?"

"இப்ப வலியே இல்ல மேடம்."

அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். டீ கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளரை அவர் விரலால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்தார். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு லைனுக்குப் போனேன்.

ஏழு மணிக்கு ஷெட் நிரம்பிவிட்டது. பையர் அம்மா முன் வரிசையில், பக்கத்தில் முதலாளி, ஓரத்தில் நயீம் சார். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தவர் விடுவதாக இல்லை. ஏழரை ஆயிற்று. டிரம்மில் ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது, உப்பும் தீர்ந்துபோயிற்று. கறுப்பு உடை போட்ட பெண்கள் எங்களைச் சுற்றி நின்று, "மேடம், எரியுமா?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். "போய் வரிசையில நில்லுங்கடி" என்று அவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். இருட்டில் முதல் கவரைப் பிரித்தோம். ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாவது கவரிலும் இல்லை. குச்சிகள் வெறும் குச்சிகளாகக் கிடந்தன.

"செத்துப்போச்சா மேடம்?" என்றார் சம்பூர்ணம் அக்கா. அன்று முழுக்க முதல்முறையாக அவர் குரல் உடைந்தது.

டீ போடுகிற அண்டாவில் வெந்நீர் தயாராக வைத்திருந்தேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பிளாஸ்டிக் வெடித்துவிடும் என்று தாளில் எச்சரிக்கை. பாதி வாளியில் ஊற்றிக் குழாய்த் தண்ணீர் கலந்தேன். "சூடு பாருங்கக்கா" என்றேன். எதையும் தொட்டுப் பார்த்துச் சொல்ல அவரைத்தான் கேட்பது எங்கள் வழக்கம்.

அவர் மணிக்கட்டுவரை கையை விட்டார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "பச்சத்தண்ணி மாதிரிதான் கீது மேடம். இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊத்தலாம்."

சந்தேகத்தில் நானும் ஒரு விரலை விட்டேன். சுட்டது. சுரீரென்று கையை இழுத்துக்கொண்டேன். அவர் கை இன்னும் உள்ளேதான் இருந்தது. பிடித்து வெளியே இழுத்தேன். மணிக்கட்டு சிவந்துபோயிருந்தது. விரல்கள் மட்டும் அப்படியே வெள்ளையாக இருந்தன. அவர் தன் கையையே யாருடைய கையோ என்பதுபோல் பார்த்தார்.

உள்ளே மைக்கில் எங்கள் நிகழ்ச்சியை அறிவித்தார்கள். எனக்குத் தெரியும், அந்த நிமிஷமே எல்லாவற்றையும் போட்டுவிட்டு அவரை ஆட்டோவில் ஏற்றியிருக்க வேண்டும். நான் வாளியில் இன்னும் இரண்டு மக்கு பச்சைத் தண்ணீர் ஊற்றிக் குச்சிகளைக் கொட்டினேன்.

எரிந்தது. முதலில் அடியில் ஒன்று, அப்புறம் நாலு, அப்புறம் வாளி முழுக்கப் பச்சை. கழுவுகிற இடத்துச் சுவர், எங்கள் முகம், அவருடைய கை எல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிந்தன. பெண்கள் அள்ளிக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஷெட்டில் விளக்கு அணைந்தது. இருபத்து நாலு பேரும் ஆளே தெரியாமல் கையும் காலும் ஜடையுமாகச் சுழன்றார்கள். நாலரை நிமிஷப் பாட்டு. கடைசி அடி வைக்கும்போது குச்சிகள் மங்க ஆரம்பித்துவிட்டன. கூட்டம் அதையும் ஆட்டத்தில் ஒரு பாகம் என்று நினைத்துக் கைதட்டியது. பையர் அம்மா எழுந்து நின்று தட்டினார்.

நயீம் சார் என்னைத் தேடி வந்தார். சட்டைப் பையிலிருந்து மெமோவை எடுத்து நாலு துண்டாகக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

"பேஷ் ஃபீபி. அந்தம்மாவ இனிமே ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க."

"சரி சார்" என்றேன்.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கொப்புளம் ஆறிவிடும், நுனியில் உணர்ச்சி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். திங்கட்கிழமை லிஸ்ட் வந்தது. அதில் சம்பூர்ணம், செக்கர், பர்மனென்ட் என்று இருந்தது. கட்டுப் போட்ட கையோடு வந்து, பூரணி வாங்கி அனுப்பியதாக எனக்கு மைசூர்பாக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜனவரி கடைசியில் கட்டுப் பிரித்துவிட்டு டேபிளுக்கு வந்தார். விரல்கள் பார்க்கப் பழைய விரல்கள்தான். நகம் மட்டும் இரண்டு கறுத்திருந்தது. முதல் நாள் சாயங்காலம் அவர் பாஸ் செய்த ஷூக்களில் ஒன்றை எடுத்துத் தடவினேன். என் மொண்ணை விரலுக்கே லூஸ் தெரிந்தது. இன்னும் எடுத்துப் பார்த்தேன். அதே பெட்டியில் மூன்று இருந்தன.

மறுநாள் காலை நயீம் சாரின் அறைக்குப் போய் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "சார், அன்னிக்கு நான்தான் செக் பண்ணச் சொன்னேன்."

ஏதோ ஃபைலில் இருந்து நிமிர்ந்தார். "என்னிக்கு?" என்றார். விளக்கிச் சொன்னேன். சிரித்தார். "அதுக்கு இப்ப இன்னாம்மா? ஃபங்ஷன் நல்லாத்தானே முடிஞ்சுது. அந்தம்மாவும் பர்மனென்ட் ஆயிட்டாங்க. போங்க, போய் வேலையப் பாருங்க."

இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. டிசம்பரில் சொல்லியிருந்தாலும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

கீழே வந்தேன். சம்பூர்ணம் அக்கா ஒரு ஷூவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மடக்கிக்கொண்டிருந்தார். மடக்கினார், நிமிர்த்தினார், மறுபடி மடக்கினார். பக்கத்து மிஷின்களின் இரைச்சலில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா பண்றீங்க?"

"கைக்குத் தெரியல மேடம்" என்றார் மெதுவாக, பக்கத்து டேபிளுக்குக் கேட்காதபடி. "காதுக்காவது கேக்குதான்னு பாக்கறேன். அந்தக் குச்சி உடைஞ்சது நல்லாக் கேட்டுச்சே."

லூஸான தோல் சத்தம் போடாது. எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் தடவியே சோறு தின்ற அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நயீம் சாரிடம் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நிறுத்திக்கொண்டேன். அவர் அந்த ஷூவை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க ஒரு தபா பாத்துருங்க மேடம். நான் பாக்கறது எல்லாத்தையும் பாத்துருங்க. ஒரு பீஸ் விடாம."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டை விரலை மேல்தோலில் ஓட்டினேன். மடங்குகிற இடத்தில் தளர்ந்திருந்தது. சிவப்பு அம்பு ஒன்றை எடுத்து அங்கே ஒட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் அடுத்த ஷூவை எடுத்துக் காதில் வைத்தார்.